இண்டக்சன் அடுப்பு: பெட்டியைப் பார்த்து வாங்கலாமா?

ஏல மையத்தில் மாதிரிக் காயைக் கையில் வாங்கும் போடி வியாபாரி முதலில் எதைப் பார்க்கிறார்? நிறத்தைப் பார்க்கிறார். பருமனைப் பார்க்கிறார். லிட்டர் எடை என்ன என்று கேட்கிறார். 2007-ல் மின்னணு ஏலம் வந்த பிறகு விலை கணினித் திரையில் ஓடுகிறது. ஆனாலும் காயைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சாக்கின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துக் காய் வாங்கியவர் நம்மில் எவரும் இல்லை.

அப்படிப்பட்ட நாம், வீட்டுக்கு ஒரு இண்டக்சன் அடுப்பு வாங்கப் போனால் மட்டும் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். எத்தனை பட்டன், என்ன நிறம், கூட என்ன இலவசம் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பிறகு அது அலமாரியின் மேல் தட்டுக்குப் போய், அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் கீழே இறங்குகிறது.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. நம் வீட்டிலும் சமையல் நடக்கிறது என்பது ஒன்று. மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எந்தப் பொருள் வாங்கினாலும் முதலில் நம்மிடம்தான், “அண்ணாச்சி, இது வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள் என்பது இரண்டு. தீபாவளிப் பண்டு நடத்தும் நம்மவர்கள் பலர் பண்டுச் சாமான்களோடு வீட்டு உபயோகப் பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பது மூன்று. இந்த மூன்றாவது காரணத்தால் நாமே சூடுபட்டிருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பண்டில் நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கடைப் பண்டில், எண்ணெய், மாவு, வெல்லத்தோடு ஒரு இண்டக்சன் அடுப்பும் தருவதாக அறிவித்தோம். மொத்தமாக எடுத்ததால் விலை சகாயமாகக் கிடைத்தது. பண்டு கட்டியவர்களில் பாதிப் பேர் போடியில் குடியிருப்பவர்கள். மீதிப் பேர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் லயத்தில் தங்கி வேலை பார்ப்பவர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாரும் சிரித்த முகத்தோடு பெட்டியை வாங்கிப் போனார்கள். நமக்கும் பெருமையாக இருந்தது.

தை பிறப்பதற்குள் ஒரு பெரியம்மா பெட்டியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்துவிட்டார். “அண்ணாச்சி, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் பானைய அதுக்குப் பிடிக்கலையே! வச்சா கீ கீன்னு கத்துது” என்றார். அவர் வீட்டில் இருந்தவை எல்லாம் அலுமினியப் பானைகள். பாத்திரத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்து வந்தவர் பிளக் கருகிப் போனதைக் காட்டினார். இன்னொரு வீட்டில் அடுப்பைப் போட்டதும் வீடு முழுவதும் விளக்கு அணைந்ததாம்.

யாரும் சண்டை போடவில்லை. பெரியம்மா மட்டும் போகும்போது, “இதுக்கு ஆன காசுக்கு எண்ணெயாக் குடுத்திருக்கலாம்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் வசவைவிட அதிகமாகச் சுட்டது. மறு ஆண்டு பண்டில் மலைப் பெயர்கள் குறைந்தன. அடுப்பில் குற்றமில்லை, செய்தவரிடமும் குற்றமில்லை. வீட்டைக் கேட்காமல் அடுப்பைக் கொடுத்த நம்மிடம்தான் குற்றம்.

ஒரு கடைக்கு நடந்தது ஒரு நாட்டுக்கும் நடந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டு அரசு, 2014-ல் 30 லட்சம் வீடுகளை எரிவாயுவிலிருந்து இண்டக்சன் அடுப்புக்கு மாற்றப் பெரிய திட்டம் போட்டது. தவணை வசதி தந்தது. சமையலுக்கென்று இலவச மின்சாரமும் தந்தது. ஆயினும் இலக்கை எட்ட முடியவில்லை. புதிய மின் இணைப்பு வேண்டியிருந்தது, புதுப் பாத்திரம் வேண்டியிருந்தது, பழைய எரிவாயுவோ மலிவாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் 2023-ல் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 20 லட்சம் இண்டக்சன் அடுப்புகளை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. ஆகவே இந்தச் சரக்கு நம் பக்கம் இன்னும் அதிகமாக வரும். நாம் விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுப்பு சூடாவதில்லை!

முதலில் ஒரு அடிப்படை. கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுடுகிறது. பழைய சுருள் கம்பி ஹீட்டரில் கம்பி பழுத்துச் சுடுகிறது. இண்டக்சன் அடுப்பில் இரண்டும் இல்லை. கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடிப்பாகத்துக்குள் மின்சாரத்தைத் தூண்டுகிறது. பாத்திரம் தானே சூடாகிறது. பாத்திரத்தின் சூடு பட்டுத்தான் கண்ணாடி சுடுகிறது. இதற்கு மூலமான விதியை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே கண்டறிந்தார்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பாதி அடுப்பு பெட்டிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி நம் சமையலறைப் பாத்திரம்தான். எனவே கேள்விகளை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவை மூன்று: பாத்திரம், பிளக், மீட்டர்.

முதல் கேள்வி: பாத்திரம்

ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போதும். பாத்திரத்தின் அடியில் வைத்தால் வெடுக்கென்று ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பாத்திரம் ஆகாது.

அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி ஆகிய நான்கும் ஆகாது. இரும்புத் தோசைக்கல்லும் வார்ப்பிரும்புச் சட்டியும் அடி தட்டையாக இருந்தால் ஆகும். எவர்சில்வரில்தான் ஏமாற்றம் அதிகம். எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. நிக்கல் அதிகம் கலந்த நல்ல வகைகளில் பலவற்றில் காந்தம் ஒட்டுவதில்லை. விலை அதிகம் கொடுத்து வாங்கிய பாத்திரம் அடுப்பில் வேலை செய்யாமல், சாதாரணப் பாத்திரம் வேலை செய்வதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். காரணம் இதுதான்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. அடி தட்டையாக இருக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து ஓர் அடிக்கோலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது. நம் வீட்டு வடைச்சட்டி உருண்டை அடி என்பதால் தோற்றுப் போகும். தாளிக்கும் கரண்டியும் சின்னக் கிண்ணமும் மிகச் சிறியவை என்பதால் அடுப்பு அவற்றைக் கண்டுகொள்ளாது. குக்கர் வாங்கும்போது, அடியில் இண்டக்சனுக்கு உகந்தது என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியக் குக்கரிலேயே அடியில் எஃகுத் தகடு பதித்தவை இப்போது கிடைக்கின்றன.

ஆகாத பாத்திரத்துக்கு அடியில் வைக்க ஓர் இரும்புத் தகடு விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். தகடு சூடாகி, பிறகு பாத்திரம் சூடாவதால் இண்டக்சனால் கிடைக்கும் மின் சிக்கனம் போய்விடும். கண்ணாடித் தட்டும் அளவுக்கு மேல் சுடும்.

ஆகவே அடுப்பின் விலையோடு ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம், ஒரு தட்டையடிக் கடாய் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துத்தான் அடக்கம் போட வேண்டும். வண்டிச் சத்தத்தைச் சேர்க்காமல் சரக்குக்கு விலை சொல்கிறோமா என்ன?

இரண்டாவது கேள்வி: பிளக்

கடைகளில் அதிகம் விற்பவை 1200 வாட்டிலிருந்து 2000 வாட் வரையுள்ள அடுப்புகள். 230 வோல்ட்டில் 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. டி.வி., மிக்சி போடும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. அதில் பெரிய அடுப்பை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கருகிய பிளக்கே சாட்சி. பெரிய பின் உள்ள பவர் பிளக், அதற்கேற்ற தடிப்பான வயர், சரியான எர்த் ஆகிய மூன்றும் இருந்தால்தான் 2000 வாட். இல்லையென்றால் 1200 வாட் அடுப்பு போதும். அது ஏறத்தாழ 5.2 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்போதும் அதே பிளக்கில் வேறு எதையும் மாட்டக் கூடாது. எக்ஸ்டென்சன் பெட்டி கூடவே கூடாது.

1200 வாட் என்றால் மெதுவாக வேகுமே என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 2000 வாட் அடுப்புக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். 1200 வாட் அடுப்புக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். இரண்டிலும் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு நிமிடத்துக்காக வயரைக் கருக்க வேண்டியதில்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் இந்த அடுப்பு ஓடாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மின்சாரம் போனால் சமையலும் நின்றது. 2012-ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 என்று மத்திய அரசு கட்டுப்பாடு வைத்தது. பலர் இண்டக்சன் அடுப்பைத் தேடிப் போனார்கள். அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு! 2013-ல் அந்த எண்ணிக்கை 9 ஆகவும், 2014-ல் 12 ஆகவும் உயர்ந்தது. அப்போது வாங்கிய அடுப்புகள் பல பரணுக்குப் போயின. ஒரே அடுப்பை நம்பக் கூடாது என்பதே அந்த ஆண்டு கற்றுத் தந்த பாடம். கேஸ் இணைப்பை வைத்துக்கொண்டு, துணை அடுப்பாக இதை வாங்குவதே குடும்பத்துக்கு நல்லது.

மூன்றாவது கேள்வி: மீட்டர்

“சிலிண்டரைவிட மலிவா?” என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் அவரவர் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு உண்டு.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் அந்த வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குப் போவதில்லை. நல்ல அடுப்பிலேயே மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாகிறது. இண்டக்சனில் ஏறத்தாழ 85 விழுக்காடு பாத்திரத்துக்குப் போகிறது. கூட்டிக் கழித்தால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்சன் அடுப்பு 125 முதல் 145 யூனிட்டுக்குள் செய்துவிடும். உங்கள் மின் கட்டணச் சீட்டில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ, அதை 135-ஆல் பெருக்குங்கள். வருவது சிலிண்டர் விலையைவிடக் குறைவென்றால் லாபம். கூடுதலென்றால் நட்டம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வந்தது. 2022-ல் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறியது. இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓடும் சின்னக் குடும்பம் சமையலில் பாதியை மாற்றினாலும் பெரிய ஆபத்தில்லை. 430 யூனிட் ஓடும் வீடு அதையே செய்தால் கோட்டைத் தாண்டிவிடும். கட்டண விகிதம் அவ்வப்போது மாறும். எனவே கையில் இருக்கும் கடைசிச் சீட்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கடையை ஒட்டி வீடு வைத்திருப்போர், சமையலறை எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். வணிக இணைப்பின் விலை வேறு.

மலைமேல் வேறு கணக்கு

போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போனால் அது கேரள மின் வாரியம். தமிழ்நாட்டு இலவச யூனிட் அங்கே செல்லாது. அங்குள்ள வாடிக்கையாளருக்குப் போடிக் கணக்கைச் சொன்னால் தவறாகிவிடும்.

உயரமும் ஒரு கணக்கு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறைகிறது. ஏலத்தோட்டங்கள் பல ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பவை. அங்கே திறந்த பானையில் சோறும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் ஆகும். எந்த அடுப்பானாலும் இதுதான். ஆகவே மலை வீட்டுக்கு அடுப்பைவிடக் குக்கர் முக்கியம். இண்டக்சனுக்கு உகந்த குக்கர் ஒன்று இருந்தால் நேரமும் மிச்சம், யூனிட்டும் மிச்சம்.

விடியுமுன் எழுந்து காய் பறிக்கப் போகிறவர்களுக்கு ஈர விறகை ஊதாமல் வெந்நீரும் பாலும் காய்வது பெரிய உதவி. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் வயரிங் பழையதாக இருக்கலாம்; மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு 1200 வாட் அடுப்பே சரி. எலக்ட்ரீசியன் ஒருவர் பிளக்கையும் எர்த்தையும் பார்த்த பிறகே அதுவும்.

இனி அடுப்பைப் பார்க்கலாம்

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதா? இப்போது கடைக்குப் போங்கள்.

வாட்: மேலே சொன்னபடி பிளக்கைப் பொறுத்து.

முத்திரை: ஐ.எஸ்.ஐ. முத்திரை பெட்டியில் மட்டுமன்றி அடுப்பின் மேலும் இருக்க வேண்டும்.

பட்டனா, தொடுதிரையா: ஈரக் கையோடு தொட்டால் தொடுதிரை அடம் பிடிக்கும். பெரியவர்கள் சமைக்கும் வீட்டுக்கு அழுத்தும் பட்டனே வசதி. தொடுதிரையைத் துடைப்பது எளிது என்பதும் உண்மை.

குறைந்த சூடு: மலிவான அடுப்புகள் சில, சூட்டைக் குறைத்தால் உண்மையில் குறைக்காமல் நின்று நின்று எரியும். பால் பொங்கும், அடங்கும், மறுபடி பொங்கும். கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லி, ஒரு பாத்திரத் தண்ணீரை வைத்துக் குறைந்த அளவில் பார்த்துவிடலாம்.

வோல்ட்: எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை ஓடும், மின்னழுத்தம் எகிறினால் பாதுகாப்பு உண்டா என்பதைக் குறிப்பேட்டில் பாருங்கள்.

உத்தரவாதம்: ஓராண்டு என்று போட்டிருப்பார்கள். கண்ணாடி உடைந்தால் பெரும்பாலும் அதில் சேராது. சர்வீஸ் எங்கே என்பதே முக்கியம். போடியிலோ தேனியிலோ பழுது பார்க்கிறார்களா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா? போக வர ஆகும் பஸ் செலவும் அடுப்பின் விலைதான்.

எட்டு, பத்துச் சமையல் முறை பட்டன்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நம் பெண்கள் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமான இரண்டு பட்டன்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்பளம் சுடுவது, கத்தரிக்காய் சுடுவது இதில் நடக்காது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று கவனம். காற்று போகும் துளைகளை அடைக்காமல், கேஸ் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சமைத்து முடிந்ததும் உள்ளே ஓடும் மின்விசிறி நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். இரவில் பெட்டிக்குள்ளோ துணி உறைக்குள்ளோ வையுங்கள். இல்லையென்றால் கரப்பான் பூச்சி உள்ளே குடியேறிப் பலகையைக் கெடுத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

விற்கும் கை கவனிக்க வேண்டியவை

அடுப்பு விற்பவரும் பண்டில் கொடுப்பவரும் ரசீது தர வேண்டும். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தாமாகக் கொடுத்தால் அதற்கு அவரே பொறுப்பேற்க நேரிடும். “எல்லாப் பாத்திரமும் வைக்கலாம், தாராளமா வாங்கிட்டுப் போங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள், கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அதையும் அடக்கத்தில் சேர்த்துப் பார்த்துவிட்டு விலை வைக்க வேண்டும்.

எங்கள் பண்டில் இப்போது அடுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் பெயர் எழுதும் நோட்டில் மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போட்டிருக்கிறோம்: காந்தம் ஒட்டும் பாத்திரம் உண்டா, பெரிய பிளக் உண்டா, மின் கட்டணச் சீட்டில் எத்தனை யூனிட். மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால் அடுப்பு. இல்லையென்றால் அதே மதிப்புக்கு எண்ணெய். கல்லாப் பெட்டியில் சில்லறையோடு ஒரு காந்தமும் கிடக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுக் குக்கரைக் கொண்டு வரச் சொல்லி, அவர் கண்முன்னேயே ஒட்டிக் காட்டுகிறோம்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போன அந்தப் பெரியம்மா போன ஆண்டு பண்டில் மறுபடி பெயர் கொடுத்தார். நாம் மூன்று கேள்வியையும் கேட்டோம். “எண்ணெயே குடுங்க அண்ணாச்சி” என்றார். எண்ணெயே கொடுத்தோம்.